ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டும் பிள்ளைகள்

ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிப்பது, வெளியில் இருப்பவர்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. அந்தப் பிள்ளையின் நோட்டு பெரும்பாலும் அழகாகவே இருக்கும். கரும்பலகையில் எழுதிப்போட்ட வினா விடையை வரி தப்பாமல், புள்ளி தப்பாமல் பார்த்து எழுதியிருக்கும். ஓரத்தில் கோடு போட்டு, தலைப்புக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு இட்டு, தேதியும் போட்டு வைத்திருக்கும். நாமும் சிவப்பு மையில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அதே நோட்டில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, "இதைப் படிச்சுக் காட்டு கண்ணு" என்று கேட்கும்போதுதான் விஷயம் தெரியும். இத்தனை வருடமும் அந்தப் பிள்ளை எழுத்துகளை வரைந்துகொண்டு வந்திருக்கிறது.

திண்டுக்கல் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கிறேன். தொடக்க வகுப்புகளைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். பத்தாம் வகுப்பு என்றால் ஊரே பேசும். நடுவில் இருக்கிற இந்த மூன்று வருடத்தைப் பற்றித்தான் பேச்சே இல்லை. கற்பதில் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கு எல்லாமே முடிவாவது இங்கேதான் என்பது என் எண்ணம். 'படிப்பு நமக்கு வராது' என்று ஒரு பிள்ளை தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்வது பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான்.

ஐந்தாம் வகுப்பு வரை காலையிலிருந்து மாலை வரை ஒரே டீச்சர். யாருக்கு எது வரும், யாருக்கு எது வராது என்று அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் மணி அடித்து மணி அடித்து ஆள் மாறுகிறது. அறிவியல் ஆசிரியருக்கு 'விசையும் இயக்கமும்' நடத்தி முடிக்க வேண்டும், கணக்கு ஆசிரியருக்கு அவர் பாடம், எனக்குச் செய்யுளும் இலக்கணமும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது இதில் யாருடைய வேலை? கால அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் டிப்ளமோ படிக்கும்போதே எழுத்தறிமுகம் எப்படிச் செய்வது என்று பழகி வருகிறார்கள். பி.எட். முடித்து வருகிற எங்களுக்கு யாப்பு தெரியும், அணி தெரியும். 'கொ'வையும் 'கெ'வையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளையை எங்கிருந்து பிடிப்பது என்பது தெரியாது. பள்ளிக்கு வந்தபின் ஒன்றாம் வகுப்பு டீச்சர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

கொரோனாவை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. 2019-20இல் ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகுப்பு முழுக்கப் போயிற்று, மூன்றாம் வகுப்பில் பாதி போயிற்று. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்தபோது அவர்கள் நான்காம் வகுப்பில் இருந்தார்கள். மறு வருடம் அது நான்கு, ஐந்துக்கு நீண்டபோது அவர்கள் ஐந்தில் இருந்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுத்த அந்த ஏற்பாடு, அவர்களுக்கு வாய்த்தது கடைசி ஒரே ஒரு வருடம். 2024 ஜூனில் அவர்கள் ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வகுப்பில் நான் பார்த்ததை அதற்கு முந்தைய எந்த ஆறாம் வகுப்பிலும் பார்த்ததில்லை.

ஆனால் எல்லாவற்றையும் கொரோனாவின் தலையில் கட்டிவிடவும் கூடாது. வகுப்பறையில் ஒரே மாதிரித் தெரிகிற பிள்ளைகள் உள்ளுக்குள் வேறு வேறு மாதிரி. ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போயிருக்கும். ஒருவன் அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போகும்போதெல்லாம் பள்ளியை விட்டுப் போய், திரும்பி வந்து, மறுபடி போயிருப்பான். ஒருவனுக்கு அறிவு வளர்ச்சியில் கொஞ்சம் தாமதம் இருக்கும். இன்னொருத்தி எதைச் சொன்னாலும் டக்கென்று பிடித்துக்கொள்வாள், எழுத்து மட்டும் நிற்காது. கற்றல் குறைபாடு என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கடைசி வகையை. இத்தனைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கண்ணும் காதும். பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்தே எழுதுகிறான் என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குப் பலகையே தெரியவில்லை என்று பள்ளி மருத்துவக் குழு வந்தபோது தெரிந்தது. கண்ணாடி இலவசமாகவே வந்தது. தலையைத் திருப்பாமல் எழுத ஆரம்பித்தான்.

கண், காது சரி என்றான பிறகு, வகை பிரிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தினமும் கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துப் பார்ப்பது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் விட்டுப்போன பிள்ளை ஒரு பருவத்துக்குள் எழும்பி நிற்கும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை திங்கட்கிழமை சரளமாகப் படித்த சொல்லில் வியாழக்கிழமை தடுமாறும். அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டு நாம் கோபப்படுவோம். அந்தக் கோபம் பிள்ளைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நல்ல பேச்சு, நல்ல ஞாபகம், கபடியில் முதல் ஆள். அவள் எப்படிப் படிக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். முதல் எழுத்தைப் பார்ப்பாள், மீதியை ஊகிப்பாள். 'விலங்கு' என்று இருந்தால் 'விவசாயி' என்பாள். படம் இருந்தால் ஊகம் சரியாக விழும், படம் இல்லாத பக்கத்தில் மாட்டிக்கொள்வாள். 'கொடி'யைக் 'கெடி' என்பாள். முன்னால் நிற்கும் கொம்பைப் பார்க்கிறாள், பின்னால் நிற்கும் துணைக்காலை விட்டுவிடுகிறாள். நமக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை, ஆனால் 'கொ' என்பது கண்ணுக்கு எவ்வளவு வேலை வைக்கிறது பாருங்கள். ஒலியில் க் முதலில் வருகிறது. எழுத்தில் கொம்பு முதலில் வருகிறது, அப்புறம் க, அப்புறம் கால். பு, கு, து மூன்றையும் எழுதிப் பாருங்கள். ஒரே உகரம், மூன்று வடிவம். கடல், பகல், தங்கம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே க, வாயில் ஒரே ஒலியாக வருவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் இதையெல்லாம் கேட்காமலே வாங்கிக்கொள்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டியிருந்தது. தமிழில் ஒரு நல்லதும் உண்டு. இந்தச் சில இடங்களைத் தாண்டிவிட்டால் எழுதியிருப்பதைப் பெரும்பாலும் அப்படியே சொல்லிவிடலாம். அதனால் தவறில்லாமல் படிக்கும் நிலைக்கு இப்படிப்பட்ட பிள்ளைகளும் வந்துவிடுகிறார்கள். வேகம்தான் வருவதில்லை.

அவளிடம் அம்மா, ஆடு, இலை அட்டையை நான் நீட்டவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் அதை நீட்டினால், மூன்றாம் வகுப்புத் தம்பி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிக்கிறான் என்றால், அத்தோடு முடிந்தது. நாளையிலிருந்து வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிடுவாள். எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்கிற பேருந்துகளின் பலகைகளை எடுத்துக்கொண்டேன். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி. நிறத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் அவள் பேருந்து ஏறுவாள், பலகையைப் பார்த்ததே இல்லை. 'நிலக்கோட்டை'யை எழுதி வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் துண்டு வெட்டி, கலைத்துப் போட்டு, திரும்ப அடுக்கச் சொன்னேன். நி, ல, க், கோ, ட், டை. ஒலி முன்பே நாக்கில் இருக்கிறது. கண் அதைத் தேடிப் பிடித்தால் போதும். 'கோ'வில் முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால். 'டை'யில் முன்னால் மட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், "ரெண்டு பக்கமும் பாக்கணுமா டீச்சர்?" என்று கேட்டாள். வத்தலக்குண்டில் மூன்று ஒற்று. ஒட்டன்சத்திரம் அவளுக்கு வாரக் கணக்கில் ஆனது. பிறகு வகுப்புத் தோழர்களின் பெயர்கள், வருகைப் பதிவேடு, கபடிப் போட்டி பற்றி நாளிதழில் வரும் சின்னச் செய்திகள். எழுத்து சின்ன வகுப்புக்கு உரியதாக இருக்கலாம், விஷயம் அவள் வயதுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

நான் இதைவிட முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறொன்று. வாசிப்பு வரும்வரை பாடம் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். 'முதல்ல எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும், அப்புறம் அறிவியல் பார்க்கலாம்' என்று அந்தப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து எழுத்து எழுத விடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் மூன்று வருடம் இப்படிப் போனால் அந்தப் பிள்ளைக்கு உராய்வு என்றால் என்ன, ஒளிச்சேர்க்கை என்றால் என்ன, சோழர் யார், சதவீதம் எப்படிப் போடுவது என்று எதுவுமே தெரியாது. வாசிப்பு ஒரு நாள் வந்தாலும், வாசிக்கிற பாடம் புரியாது. சொற்களே காதில் விழுந்திருக்காதே! எழுத்து வராத பிள்ளைக்கு அறிவியலும் வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அந்தக் கபடிப் பெண், உராய்வைப் பற்றி அறிவியல் சார் பாடம் நடத்தியபோது, மழை பெய்த மண்ணில் ஏன் கால் பிடிப்பதில்லை என்று அவளாகவே எடுத்துச் சொன்னாள். தேர்வுத் தாளில் அதே கேள்விக்கு இடம் வெறுமையாக இருந்தது.

ஆகவே இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும். தினமும் ஒரு சிறு நேரம் எழுத்து. மீதி நேரம் முழுக்க வகுப்போடு, காது வழியாகப் பாடம். செல்போனில் பாடத்தை நிறுத்தி நிதானமாகப் படித்துப் பதிவு செய்து வீட்டு எண்ணுக்கு அனுப்பலாம். புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் குறியீட்டில் காணொளி வருகிறது. 'மணற்கேணி' செயலியிலும் பாடம் பாடமாக விளக்கம் இருக்கிறது. வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக வாசித்துக் காட்டலாம். ஆனால் அந்த ஜோடியைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்துக்கொள்ள விட வேண்டும். நாம் ஒட்டவைத்தால் ஒருத்தி குருவாகிவிடுவாள், இன்னொருத்தி வாயைத் திறக்க மாட்டாள்.

தேர்வுக்கும் இடம் இருக்கிறது. பருவத்தின் இடையில் அவ்வப்போது செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதுகிற தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரித்திருக்கிறார்கள். வளரறியில் செயல்பாட்டுக்கு உள்ள பகுதியை வாய்மொழியாக, படமாக, நடிப்பாக, செய்து காட்டலாக எப்படி வேண்டுமானாலும் வாங்கலாம். எழுத்தில்தான் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பழக்கம்தான் அப்படி இருக்கிறது. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வுக்குத் தேர்ந்த பிள்ளைகளுக்கு மாலையில் தனி வகுப்பு எடுக்கிறோம். மாதம் ஆயிரம் ரூபாய், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய பணம், எடுக்கத்தான் வேண்டும். அதே மாலையில் பக்கத்து அறையில் இன்னொரு குழுவும் உட்கார வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பெற்றோர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவே இல்லை. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களை நிரந்தரமாக நியமிக்கச் சொன்னது. 2022இல் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைத் திருத்தி, தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று மத்திய அரசு விகிதம் வகுத்தது. தரையில் இருப்பது வேறு. வட்டார வள மையத்தில் இருக்கிற சில சிறப்புப் பயிற்றுநர்கள் ஒன்றியம் முழுக்கச் சுற்றி வருகிறார்கள். பள்ளிகளுக்கும் போக வேண்டும், படுக்கையில் இருக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போக வேண்டும். அதுவும் தொகுப்பூதியத்தில். எங்கள் பள்ளிக்கு வருகிற பயிற்றுநர் வந்து போகும் ஒவ்வொரு முறையும் நான் ஏதாவது புதிதாகக் கற்றுக்கொள்கிறேன். அவரை வாரம் இரண்டு நாள் எங்களுக்கென்று கொடுத்தால் இந்தக் கட்டுரையையே எழுத வேண்டியிருக்காது.

சான்றிதழ் வாங்குவது தனிக் கதை. வருடா வருடம் ஒன்றியத்தில் நடக்கிற மருத்துவ முகாமில் கை கால், கண், காது குறைபாடுகளைப் பார்த்து எழுதிவிடலாம். கற்றல் குறைபாட்டை அப்படிக் கூட்டத்தில் வைத்துப் பார்க்க முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உருவாக்கிய சோதனைத் தொகுப்பைத்தான், சான்றிதழுக்காக மத்திய அரசு வெளியிட்ட 2018 வழிகாட்டி குறிப்பிட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, கவனம் என்று பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துப் பொறுமையாகச் செய்ய வேண்டிய சோதனை அது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் பலமுறை அலைய வேண்டிவரும். கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. இன்னொரு சிக்கல்: எட்டு வயது முடிந்த பிள்ளைக்குச் சான்றிதழ், பிறகு 14 வயதிலும் 18 வயதிலும் மறு மதிப்பீடு என்று அந்த வழிகாட்டி வகுத்தது. 14 வயது என்பது பெரும்பாலும் எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்கு மாறுகிற நேரம். சான்றிதழில் முடிவுத் தேதி இருக்கிறதா என்று உடனே எடுத்துப் பாருங்கள்.

2025இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் 'திறன்' இயக்கம் வந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பின்தங்கியவர்களை அடிப்படை மதிப்பீட்டில் கண்டறிந்து தனிப் பயிற்சி நூல் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு. நான் வெகுநாளாக எதிர்பார்த்தது. வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள் என்று அரசே சொன்னதில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. அதுவரை அதைச் சொன்னால் 'நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?' என்ற கேள்விதான் வரும். எனக்கு இருக்கிற ஒரே கவலை, 'திறன் பிள்ளைங்க' என்று ஒரு பெயர் வகுப்பில் ஒட்டிக்கொள்வது. சத்துணவு வரிசையில் ஒரு பையன் இன்னொருவனை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டேன். அன்றிலிருந்து அந்தச் சொல்லைப் பிள்ளைகள் முன்னால் நாங்கள் ஆசிரியர்கள் யாரும் பயன்படுத்துவதில்லை.

ஃபெயில் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் ஊரிலும் உண்டு, ஆசிரியர் அறையிலும் உண்டு. 2019இல் தமிழ்நாட்டில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளில் கட்டாயத் தேர்ச்சியை நிறுத்தியபோதும் மாநிலம் அதை ஏற்கவில்லை. மாநிலம் செய்தது சரி என்பது என் உறுதியான கருத்து. ஒரு தடவை புரியாத விதத்தில் சொன்னதையே அடுத்த வருடமும் அதே விதத்தில் சொன்னால் எப்படிப் புரியும்? பெண் பிள்ளையாக இருந்தால் ஃபெயில் என்ற சொல் வந்த அன்றே வீட்டில் வேறு பேச்சு ஆரம்பித்துவிடும்.

பெற்றோர்கள் வந்தால் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான். "வீட்ல எல்லா வேலையும் நறுக்குன்னு செய்யுறா டீச்சர், படிப்புதான் மண்டையில ஏற மாட்டேங்குது." நான் அந்த வாக்கியத்தின் முதல் பாதியைப் பிடித்துக்கொள்வேன். என்ன வேலை, எப்படிச் செய்கிறாள் என்று விவரமாகக் கேட்பேன். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்பேன். அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளையின் முகம் நிமிரும். பிறகுதான் நோட்டைத் திறப்பேன். இரவில் பாடப் பதிவைப் போட்டு, வீட்டில் யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் நான் கேட்பது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்ய முடியும்.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அந்தத் தாளில் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். இந்தப் பிள்ளை எப்படிக் கற்கும் என்று ஒரு வரி இருக்காது. அதனால் நானே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். எந்த எழுத்துகளில் தடுமாறும், ஒரு பத்தியைப் படிக்க எவ்வளவு நேரம் வேண்டும், வாய்மொழியாகக் கேட்டால் எதற்கெல்லாம் பதில் சொல்லும், யாரோடு உட்கார வைத்தால் பேசும், எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லக் கூடாது. கபடிப் பெண்ணுக்கு எழுதியதில், பள்ளிக் கபடி அணியில் உடனே சேர்த்துவிடுங்கள் என்றும் சேர்த்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், ஜூன் மாதமே பழைய பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். மருத்துவமனை அலைச்சலுக்கே மாதக்கணக்கில் ஆகிவிடும் என்பதால், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததுமே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.